கண்ணாடியைக் கழற்றுமுன்

ஒரு ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்து திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தேன். பங்கைச் சேர்ந்த ஒருவர் தம் மகளுடன் வாயிலில் வந்து நின்றார். மகளுக்கு வயது 24. சிறு வயது முதற்கொண்டே கண்ணாடி அணிபவள். வீட்டில் வரன் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். “சாமி, லேசர் வைத்துப் பவரை எடுத்துவிடலாம் என்கிறார்கள். கண்ணாடி இல்லையென்றால் இடம் சீக்கிரம் அமையும். செய்யலாமா, கூடாதா? நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்” என்றார் தந்தை. திருமுழுக்குக்காக வந்த குடும்பம் ஒன்று வெளியே காத்திருந்தது. நானும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன்: “கடவுள் கொடுத்த கண். இருப்பது போதும் என்று இருக்கலாமே.” தந்தை தலையசைத்தார். மகள் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு திருப்புகழ்மாலை செபிக்க நூலைத் திறந்தேன், எழுத்து தெரியவில்லை. மூக்குக்கண்ணாடியைத் தேடியெடுத்து அணிந்தபோதுதான், காலையில் நான் சொன்ன மறுமொழி என்னையே பார்த்து நகைப்பதுபோல் இருந்தது. குருமடத்தில் சேர்ந்த நாள் முதல் இன்றுவரை, கடவுள் கொடுத்த கண்ணை மட்டும் கொண்டு நான் ஒரு பக்கமும் படித்தவன் அல்லன். அதைவிடப் பெரிய பிழை ஒன்றும் அப்போது நெஞ்சில் தைத்தது. கண் மகளுடையது, கேள்வி தந்தையுடையது, மறுமொழி என்னுடையது. கண்ணுக்கு உரியவளை இருவருமே ஒன்றும் கேட்கவில்லை.

அவசரத்தில் சொன்ன சொல்லுக்குப் பரிகாரமாக, இந்தச் சிகிச்சை வந்த வழியைத் தேடிப் படித்தேன். படித்தவற்றை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்ணாடியும் ஒரு காலத்தில் புதுமையே

1306ஆம் ஆண்டு, இத்தாலியின் பிளாரன்சு நகரில், புனித சாமிநாதர் சபைத் துறவி பீசா நகர் ஜொர்தானோ மறையுரை ஆற்றினார். கண்ணாடி செய்யும் கலை கண்டுபிடிக்கப்பட்டு இருபது ஆண்டுகள் கூட ஆகவில்லை என்றும், அதை முதன்முதல் செய்தவரைத் தாம் கண்டு பேசியதுண்டு என்றும் அவர் அந்த உரையில் குறிப்பிட்டார். மூக்குக்கண்ணாடியின் பிறப்புக்கு இன்று நம்மிடமுள்ள முதன்மையான சான்றுகளுள் ஒன்று ஒரு மறையுரையே என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. அதே பீசா மடத்தில் வாழ்ந்து 1313இல் இறந்த துறவி அலெஸ்ஸாந்த்ரோ தெல்லா ஸ்பினாவைப் பற்றி மடத்து ஏடு மற்றொரு செய்தியைக் கூறுகிறது. கண்ணாடியை முதலில் செய்தவர் அதன் நுட்பத்தை வெளியிட மறுத்தாராம். ஸ்பினாவோ அதைத் தாமே செய்து பார்த்து, மகிழ்ந்த உள்ளத்தோடு எல்லாருக்கும் கற்றுக்கொடுத்தாராம்.

படைப்பில் குறையாக நின்ற ஒன்றை மனிதக் கை நிறைவு செய்வது படைத்தவருக்கு எதிரான செயல் என்று அந்தத் துறவிகள் நினைக்கவில்லை. தோபித்து நூலைப் படித்தவர்கள் அவ்வாறு நினைக்கவும் இயலாது. இரபேல் வானதூதர் தோபித்தின் கண்ணைத் தொட்டுக் குணமாக்கவில்லை. மீனின் பித்தப்பையை எடுக்கச் சொன்னார். மகன் தன் கையாலேயே மருந்திட்டு, தந்தையின் கண்களில் படர்ந்திருந்த வெண்படலத்தை உரித்தெடுத்தான். ஆகவே, கண்ணைத் தொடலாமா என்ற கேள்விக்குத் திருச்சபை என்றோ விடை கண்டுவிட்டது. யார், எப்போது, எதற்காக, எவ்வளவு என்பனவே எஞ்சிய கேள்விகள்.

நம் நாட்டின் ஊசியும் கத்தியும்

நம் முன்னோர் கண்ணைப் பற்றி நிறையச் சிந்தித்தவர்கள். நாகமுனிவர் பெயரால் வழங்கும் ‘நயன விதி’ கண்ணோய்கள் 96 என்று கணக்கிடுகிறது. சுசுருதர் பெயரால் வழங்கும் வடமொழி நூல் புரைக்கு அறுவை முறையே சொல்கிறது. புரையேறிய வில்லையை ஊசியால் தள்ளிக் கண்ணுக்குள்ளேயே கீழே வீழ்த்தும் முறை அது. வில்லை விலகியதும் ஒளி உள்ளே புகும். நோயாளி ஆளை அடையாளம் காண்பான். ஊர் ஊராகச் சுற்றிய வைத்தியர்கள் இதை இருபதாம் நூற்றாண்டு வரை செய்துவந்தார்கள்.

இந்த முறையின் விளைவுகளை ஆராய்ந்தவர் சென்னை அரசு கண் மருத்துவமனையின் தலைவராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட். அந்த மருத்துவமனை 1819இல் தொடங்கியது. இலண்டனின் மூர்பீல்ட்ஸ் மருத்துவமனைக்கு அடுத்தபடி உலகின் பழமையான கண் மருத்துவமனைகளுள் ஒன்றாக எண்ணப்படுவது. இன்றும் எழும்பூரில் நடைபெறுகிறது. ஊசி வைத்த கண்கள் நூற்றுக்கணக்கானவற்றைப் பரிசோதித்த எலியட், 1917இல் இலண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளில் தம் முடிவுகளை வெளியிட்டார். பலருடைய கண்கள் பின்னர் சீழ் பிடித்தோ அழுத்தம் மிகுந்தோ அழிந்தன. வைத்தியர் கூலியைப் பெற்றுக்கொண்டு அடுத்த ஊருக்குப் போன பின்னரே கேடு தலைகாட்டும். பார்வை வந்த முதல் நாளைக் கண்டு ஊர் வியந்தது. பார்வை போன நாளைக் கணக்கெழுத ஆளில்லை.

கேடு நம் நாட்டுக்கு மட்டும் உரியது அன்று. 1750இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில், ஊர் சுற்றும் கண் மருத்துவர் ஜான் டெய்லர் இசைமேதை பாக்கின் கண்களில் இருமுறை ஊசி வைத்தார். பாக் பார்வையை இழந்து, சில மாதங்களில் காலமானார். அதே காலத்தில், துய்ப்ளேக்ஸ் நம் புதுச்சேரியை ஆண்ட ஆண்டுகளில், பிரான்சு நாட்டு ழாக் தவியேல் வேறு வழி தேடினார். புரையை உள்ளே தள்ளாமல் வெளியே எடுக்கும் முறையைக் கண்டு, தாம் செய்த சிகிச்சைகளின் வெற்றியையும் தோல்வியையும் எண்ணிக் கணக்கு வைத்து, அறிஞர் அவையின் முன் வைத்தார். டெய்லரையும் தவியேலையும் பிரித்துக் காட்டியது கைத்திறன் மட்டுமன்று; கணக்கை மறைக்காத நேர்மையும் ஆகும்.

அந்த நேர்மையின் தடயம் தஞ்சையிலும் உண்டு. 1798 முதல் 1832 வரை அரசராயிருந்த இரண்டாம் சரபோஜி, கண் நோயாளிகளின் நிலையையும் அளித்த சிகிச்சையையும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதச் செய்தார். நோயுற்ற கண்ணை வண்ணத்தில் தீட்டவும் செய்தார். அந்த ஏடுகள் சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் உள்ளன.

நம் நகருக்கும் இவ்வரலாற்றில் ஒரு பங்கு உண்டு. கண்புரை மருத்துவத்தை ஏழைகளின் கைக்கு எட்டச் செய்த மருத்துவர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் கத்தி பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களில் அறுவை செய்தவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, தான் பெயர் பெற்ற மகான் வாழ்ந்த புதுச்சேரிக்கு 2003இல் வந்து சேர்ந்தது. கடலூர் சாலையில் தவளக்குப்பத்தில் ஒவ்வொரு காலையும் கூடும் கூட்டத்தில் நம் பங்கு மக்கள் எத்தனையோ பேர்.

குருடு நீக்குவதும் கண்ணாடி நீக்குவதும்

இதுவரை சொன்னதெல்லாம் பார்வை இழந்தவரின் வரலாறு. அவருக்கு இழப்பதற்கு இனி ஒன்றும் இல்லை. ஆனால் கிட்டப்பார்வை உடையவர் கண்ணாடி அணிந்தால் முழுமையாகப் பார்க்கிறவர். அவர் கண்ணில் கை வைப்பது நோயின் மேல் கை வைப்பது அன்று. நலமுள்ள உறுப்பின் மேல் கை வைப்பது. ஆகவே இதற்கு அளவுகோல் இன்னும் கடுமையாக இருக்க வேண்டும்.

அந்த அளவுகோலை உலகம் வருந்திக் கற்றுக்கொண்டது. 1930களின் இறுதி முதல் சப்பான் நாட்டு மருத்துவர் சாத்தோ, கருவிழியின் தெளிந்த படலத்தில் உள்ளும் புறமும் கீறல்களிட்டு, அதைத் தட்டையாக்கிக் கிட்டப்பார்வையைக் குறைத்தார். முதலில் எல்லாரும் மகிழ்ந்தனர். அப்படலத்தின் உள்ளடுக்கிலுள்ள உயிரணுக்களே அதைத் தெளிவாக வைத்திருக்கின்றன என்பதும், அழிந்தால் அவை மீண்டும் வளர்வதில்லை என்பதும் அன்று அறியப்படவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்து, சிகிச்சை பெற்றவர்களுள் பெரும்பாலோரின் கருவிழிகள் நீர் கோத்து வெளிறின. பிற்காலத்தில் சோவியத் நாட்டு மருத்துவர் பியோதரோவ் வெளிப்புறத்தில் மட்டும் கீறும் முறையைப் பரப்பினார். அமெரிக்காவில் அம்முறையைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. 100க்கு 43 கண்களில் பார்வை அளவு மெல்ல மெல்ல எதிர்ப்பக்கமாக நகர்ந்திருந்தது. முதல் வாரத்தின் களிப்பு பத்தாம் ஆண்டுக்குப் பொறுப்பேற்காது என்பது இவ்விரு நிகழ்வுகளும் தரும் பாடம்.

சென்னையில் பிறந்த ஓர் அறிஞர்

இன்றைய லேசர் முறையின் வேரில் ஒரு தமிழ்நாட்டுப் பிறவி இருப்பதை நம்மவர் பலர் அறியார். 1929இல் சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்ற ரங்கசாமி சீனிவாசன், அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்று, 1961 முதல் நியூயார்க் மாநிலத்திலுள்ள ஐ.பி.எம். ஆய்வகத்தில் பணிபுரிந்தார். 1981 நவம்பர் இறுதியில், நன்றி நாள் விருந்தில் மீந்த வான்கோழித் துண்டை அவர் ஆய்வகத்துக்கு எடுத்துவந்தார். கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை உமிழும் எக்சைமர் லேசரை அதன்மேல் செலுத்தினார். பச்சை நிற லேசர் தசையைக் கருக்கியது. 193 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட இந்தக் கதிரோ சுற்றுப்புறத்தைச் சுடாமல், வேண்டிய இடத்தை மட்டும் நுண்ணிய அளவில் செதுக்கியது. அவருடன் சாமுவேல் பிளம், ஜேம்ஸ் வின் என்னும் இருவரும் இக்கண்டுபிடிப்பில் பங்காளிகள்.

இரண்டு ஆண்டுகளில் கண் மருத்துவர் ஸ்டீபன் டிரோக்கல் அவருடன் இணைந்தார். முதலில் கன்றுகளின் கண்களிலும், பின்னர் பிற விலங்குகளிலும், அதன் பின் பார்வையற்ற மனிதக் கண்களிலும் சோதனை நடந்தது. பார்வையுள்ள கண்ணில் செய்து பார்க்கும் வேளை வந்தது. நலமான கண்ணைச் சோதனைக்கு யார் தருவார்?

1988இல் ஒரு பெண்மணி தந்தார். கண்குழியில் புற்றுநோய் கண்டிருந்ததால் அவருடைய கண்ணை விரைவில் அகற்ற வேண்டியிருந்தது. ஆனால் அந்தக் கண்ணுக்குப் பார்வை இருந்தது. எப்படியும் போகப்போகிற கண் பிறருக்குப் பயன்படட்டும் என்று, அகற்றுமுன் லேசர் செலுத்திப் பார்க்க அவரே முன்வந்தார். மார்கரீட் மெக்டொனால்டு என்னும் மருத்துவர் நியூ ஆர்லியன்ஸ் நகரில் அச்சிகிச்சையைச் செய்தார். கண்ணாடியின்றி நடமாடும் இலட்சக்கணக்கானோர் தாம் அறியாமலே அந்தப் பெண்மணிக்குக் கடன்பட்டவர்கள். வெண்சலவைக்கல் படிமக்கலத்தை உடைத்து ஊற்றிய பெத்தானியாப் பெண் என் நினைவுக்கு வந்தார்.

1995இல்தான் அமெரிக்க அரசு இம்முறைக்கு அனுமதி வழங்கியது. சீனிவாசன் வான்கோழித் துண்டைச் செதுக்கி 14 ஆண்டுகள் கழிந்திருந்தன. இதற்கிடையே, மேலடுக்கை மூடிபோல் திறந்து, உள்ளே செதுக்கி, மீண்டும் மூடும் ‘லேசிக்’ முறையைக் கிரேக்க மருத்துவர் பல்லிக்காரிஸ் உருவாக்கியிருந்தார். கருவிழிப் படலத்தின் நடுப்பகுதி அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் பருமனுடையது. லேசரின் ஒரு துடிப்பு அதில் எடுப்பது ஒரு மைக்ரானில் ஏறத்தாழக் காற்பங்கு. 2013இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் அந்நாட்டின் தொழில்நுட்பப் பதக்கத்தைச் சீனிவாசனுக்கும் அவருடைய தோழர் இருவருக்கும் வழங்கினார்.

திருச்சபையின் எண்ணம்

நம் உடலின்மேல் நமக்குள்ள உரிமை உடைமையாளனின் உரிமை அன்று, பொறுப்பாளனின் உரிமை. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1952 செப்டம்பரில் மருத்துவ அறிஞர்களுக்கு ஆற்றிய உரையில் இதனை விளக்கினார். முழு உடலின் நன்மைக்காக அதன் பகுதியில் கை வைக்கலாம். ஆனால் மனிதன் தன் உடலுக்கு எல்லையற்ற எசமான் அல்லன் என்பது அவர் போதனை. நோயாளி தருகிற அளவுக்குமேல் மருத்துவருக்கு நோயாளியின்மேல் அதிகாரம் இல்லை என்பதையும் அவர் அங்கே வலியுறுத்தினார். மருத்துவருக்கே இல்லாத அதிகாரம், வயது வந்த மகளின் கண்ணின்மேல் தந்தைக்கோ பங்குத்தந்தைக்கோ எங்கிருந்து வரும்?

1956 மே மாதத்தில் அதே திருத்தந்தை இத்தாலியக் கருவிழிக் கொடையாளர்களைச் சந்தித்து, இறந்தபின் கண்ணைக் கொடுப்பது இறந்தவருக்குச் செய்யும் அவமதிப்பு ஆகாது என்று தெளிவுபடுத்தினார். எவரையும் அதற்குக் கட்டாயப்படுத்தலாகாது என்றும் கூறினார். அதற்கு 11 ஆண்டுகளுக்கு முன்பே, 1945இல், மருத்துவர் முத்தையா சென்னையில் நாட்டின் முதல் கண் வங்கியைத் தொடங்கியிருந்தார் என்பதை நாம் பெருமையோடு நினைக்கலாம்.

முன்மதியைப் பற்றிப் புனித தாமஸ் அக்குவினாஸ் எழுதுகையில் பதற்றம் என்னும் குறையை ஓர் உவமையால் விளக்குகிறார். மேலிருந்து கீழே வருகிறவன் படிப்படியாய் இறங்க வேண்டும். பதறுகிறவன் படிகளை விட்டுக் குதிக்கிறான். அந்தப் படிகள் ஐந்து: கடந்ததை நினைத்தல், இருப்பதை உணர்தல், வரப்போவதை நோக்குதல், சீர்தூக்கிப் பார்த்தல், அறிந்தோர் சொல்லுக்குச் செவிகொடுத்தல். ‘தெரிந்து செயல்வகை’ என்று தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரின் மரபில் வந்த நமக்கு இது புதிதன்று.

லேசரைப் பற்றி எண்ணுவோருக்கு இந்த ஐந்து படிகளும் பொருந்தும். கடந்ததை மேலே கண்டோம். இருப்பதை உணர்தல் என்பது முறையான பரிசோதனை. வயது 18 நிறைந்திருக்க வேண்டும். பார்வை அளவு ஓராண்டாவது மாறாதிருக்க வேண்டும். கருவிழி போதிய பருமனோடு, கூம்பிப் போகும் அறிகுறியின்றி இருக்க வேண்டும். கருவுற்றவர்களும் பாலூட்டுவோரும் பொறுத்திருக்க வேண்டும். வரப்போவதை நோக்கினால், கண் உலர்ச்சியும், இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரிவதும் சிலருக்கு நேரும். பெரும்பாலும் சில மாதங்களில் குறையும், சிலருக்கு நீடிக்கும். அரிதாகக் கருவிழி வலுவிழந்து புடைக்கும். நாற்பதைத் தாண்டினால் படிக்கும் கண்ணாடி வரவே செய்யும். லேசர் அதைத் தடுப்பதில்லை. மிகுந்த கிட்டப்பார்வையால் விழித்திரைக்கு உள்ள ஆபத்தும் நீங்குவதில்லை. முதுமையில் புரை அறுவையின்போது, லேசருக்கு முந்தைய அளவுகள் மருத்துவருக்குத் தேவைப்படும். அந்தத் தாள்களைத் திருமணச் சான்றிதழைப் போலக் காத்து வையுங்கள். கண் கொடைக்கு எழுதிவைத்தவர்கள் லேசர் செய்துகொண்டதைத் தெரிவித்துவிட வேண்டும். அக்கருவிழியை முழுமையாக மாற்றிப் பொருத்தப் பயன்படுத்துவதில்லை, உள்ளடுக்கு மட்டும் தேவைப்படுவோருக்கு உதவலாம்.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தபின் செய்துகொள்வதில் பாவமில்லை. வேண்டாம் என்று கண்ணாடியோடு இருப்பதில் தாழ்வுமில்லை. செய்துகொண்டவர்களுள் மிகப் பெரும்பாலோர் மனநிறைவோடு இருக்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தவறு ஒன்றே ஒன்றில்தான் இருக்கிறது. பிறருடைய பார்வைக்கு அஞ்சித் தன் பார்வையைப் பணயம் வைப்பதும், வைக்கச் சொல்வதுமே அது. கண்ணாடி அணிந்ததற்காகப் பெண்ணை மறுக்கும் வீட்டாருக்கு வேண்டிய சிகிச்சையை எந்த லேசரும் செய்யாது. ‘கண்ணோட்டம்’ என்னும் அதிகாரத்தில் கண்ணுக்கு நகை எது என்று வள்ளுவர் சொல்லியிருப்பதை அவர்களுக்கு யாராவது நினைவூட்டினால் நன்று.

பர்த்திமேயுவிடம் கேட்ட கேள்வி

எரிகோவின் சாலையோரத்தில் பார்வையற்ற பர்த்திமேயு கூவி அழைத்தபோது, அவனுக்கு என்ன தேவை என்பது கூட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆண்டவருக்குத் தெரியாதா? ஆயினும் தாம் என்ன செய்ய வேண்டுமென்று அவன் விரும்புகிறான் என்பதை அவனிடமே கேட்டார். அவன் வாயால் சொன்ன பிறகே பார்வை தந்தார். பெத்சாய்தாவில் மற்றொருவனைத் தொட்டபின், ஏதாவது தெரிகிறதா என்று கேட்டறிந்து, மங்கலாகத் தெரிகிறது என்று அவன் சொன்னதும் மீண்டும் தொட்டார். கேட்காமல் அவர் தொடவில்லை. தொட்டபின் கேட்காமல் விட்டுவிடவும் இல்லை.

அடுத்த வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். தந்தை நாற்காலி எடுத்துப் போட்டார். நான் மகளைப் பார்த்து, “அன்றைக்கு உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள் அம்மா. உனக்கு என்ன விருப்பம்?” என்றேன். அவள் சற்று நேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டுச் சொன்னாள்: “எனக்கு ஆசைதான் சாமி. ஆனால் கல்யாணத்துக்காக இல்லை. நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். முகமூடி போட்டால் கண்ணாடியில் ஆவி படிந்துவிடுகிறது. கையுறை போட்ட கையால் துடைக்கவும் முடியாது.” தந்தை மகளை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் காரணத்தை அவர் அதுவரை கேட்டதில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

பின்னர் பரிசோதனைக்குப் போனார்கள். கடந்த ஓராண்டில் பவர் சற்று ஏறியிருப்பதால், அது நிலைக்கட்டும், ஓராண்டு கழித்து வாருங்கள் என்று மருத்துவர் சொல்லி அனுப்பிவிட்டார். தந்தைக்கு வருத்தம், முகூர்த்த மாதங்கள் கடந்துவிடுமே என்று கணக்குப் பார்த்தார். மகள் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, மீண்டும் அணிந்துகொண்டாள்.

“காத்திருக்கிறேன் சாமி” என்றாள்.